சாப்பிடாமல் ஏறும் சர்க்கரை: கணையத்தின் ஹார்மோன்களும் "பார்டர்" நிலையும்

"இரவு இரண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படவில்லை. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 116 என்று வருகிறது. சாப்பிடாத சர்க்கரை எங்கிருந்து வந்தது?"

நம் வீட்டு உம்மாக்களும் வாப்பாக்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் "பார்டர்ல இருக்கு, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்கிறார். "பார்டர்தானே, இன்னும் சுகர் வரவில்லையே" என்று நாமும் ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டு, அந்த வாரமே வரும் வலீமா விருந்துக்குக் கிளம்பிவிடுகிறோம். இரண்டு மூன்று வருடம் கழித்து அந்த ஃபைலை மறுபடி எடுக்கும்போது எண் 160, 180 ஆகியிருக்கும்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. இரவில் சாப்பிடாத சர்க்கரை இரத்தத்துக்கு எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால், "பார்டர்" என்ற நிலையில் உடலுக்குள் என்ன நடக்கிறது, எதைச் செய்தால் அது திரும்பும், எதைச் செய்வது வீண் என்பதெல்லாம் ஓரளவு விளங்கிவிடும்.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை

முதலில் ஒரு கணக்கு. பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்றால், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். மொத்த இரத்தத்துக்கும் கணக்குப் போட்டால் வருவது 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் எந்த நேரத்திலும் இருக்க வேண்டியது இவ்வளவுதான்.

ஒரு தட்டு பிரியாணியில் 75 முதல் 100 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். அத்தனையும் குளுக்கோஸாக மாறி, சில மணி நேரத்துக்குள் அந்த ஒரு தேக்கரண்டிக்குள் வந்து சேர்கிறது. மறுபக்கம், நம் மூளை மட்டும் மணிக்கு ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. வெளியிலிருந்து வரத்து இல்லையென்றால் இரத்தத்தில் உள்ளது ஒரு மணி நேரத்துக்குக்கூடப் போதாது. ஆனாலும் ஆரோக்கியமான ஒருவர் பிரியாணி சாப்பிட்டாலும் அளவு 140-ஐத் தாண்டுவது அரிது. பதினான்கு மணி நேரம் நோன்பிருந்தாலும் 70-க்குக் கீழே இறங்குவது அரிது. இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை நம் உடலில் வைத்த இறைவனின் படைப்பாற்றலை நினைத்து நாம் சுப்ஹானல்லாஹ் சொல்லாமல் இருக்க முடியாது.

இந்த வேலையை முன்னின்று செய்வது கணையம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்த வாக்கில் இருக்கிறது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை 100 கிராமுக்குள். அதன் பெரும்பகுதி செரிமானச் சாறு சுரக்கும் வேலையைச் செய்கிறது. அந்தத் திசுக்களுக்கு நடுவே, கடலில் தீவுகள் போலச் சிறு சிறு செல் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து எழுதி வைத்தார். எதற்காக இருக்கின்றன என்று அவருக்கே தெரியவில்லை. சுமார் பத்து லட்சம் தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான். அதாவது ஒன்றிரண்டு கிராம் திசுவை நம்பித்தான் நம் சர்க்கரை மொத்தமும் நிற்கிறது.

இன்சுலினை எல்லோருக்கும் தெரியும்; மற்றொன்றை?

அந்தத் தீவுகளில் பாதிக்கு மேற்பட்டவை பீட்டா செல்கள். இன்சுலினைச் சுரப்பவை இவையே. அடுத்து அதிகமாக இருப்பவை ஆல்ஃபா செல்கள். இவை சுரப்பது குளுக்கோகான். இன்சுலினைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. குளுக்கோகானைப் பற்றிச் சர்க்கரை நோயாளிகளிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை. இது ஒரு குறைதான். ஏனென்றால் காலையில் வந்த அந்த 116-க்கான பதில் குளுக்கோகானிடம்தான் இருக்கிறது.

நாம் சாப்பிட்டதும் இன்சுலின் எழுகிறது. கணையத்திலிருந்து அது முதலில் போவது கல்லீரலுக்கு. "போதுமான அளவு வந்துவிட்டது, நீ வெளியே விடாதே, உள்ளே சேமி" என்று கல்லீரலுக்குச் செய்தி சொல்கிறது. பிறகு தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் சென்று, குளுக்கோஸ் உள்ளே போவதற்கான வாசல்களைத் திறக்கிறது. கல்லீரல் சுமார் 100 கிராம் வரையிலும், தசைகள் அதைப்போல நான்கு மடங்கும் குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்க முடியும்.

சாப்பிட்டு முடிந்து சில மணி நேரம் ஆனதும் இன்சுலின் தணிகிறது, குளுக்கோகான் மேலே வருகிறது. அதன் செய்தி நேர்மாறானது. "சேமித்ததை எடு. இரத்தத்துக்கு அனுப்பு." கல்லீரல் தன் கிளைக்கோஜனை உடைத்து அனுப்புகிறது. அது குறையத் தொடங்கினால் புரதத்தின் கூறுகளிலிருந்தும் வேறு சில பொருள்களிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸைத் தயாரித்தே அனுப்புகிறது. நாம் தூங்கும்போது ஒரு சராசரி மனிதரின் கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம் குளுக்கோஸை இப்படி இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. விடவில்லையென்றால் காலையில் நாம் எழுந்திருக்க மாட்டோம். ஆகவே இரவில் சாப்பிடாத சர்க்கரை நம் சொந்தக் கல்லீரலிலிருந்து வருகிறது. வருவது தவறல்ல, அளவுக்கு மேல் வருவதுதான் தவறு.

அதிகாலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. விழிப்பதற்குச் சற்று முன்பிருந்தே கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடுகின்றன; அவையும் கல்லீரலைத் தட்டி எழுப்பும். இன்சுலின் நன்றாக வேலை செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. செய்யாதவருக்கு ஃபஜ்ருக்குப் பின் பார்க்கும் எண் இரவு படுக்கும்போது பார்த்த எண்ணைவிடக் கூடியிருக்கும். "சாப்பிடாமலேயே ஏறிவிட்டது, மெஷின் சரியில்லை" என்று மெஷினை மாற்றியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

தீவுகளில் வேறு சில செல்களும் உண்டு. டெல்டா செல்கள் சுரக்கும் சொமட்டோஸ்டாட்டின் மற்ற இரண்டையும் அளவோடு இருக்கச் செய்யும். பீட்டா செல்கள் இன்சுலினோடு சேர்த்தே அமைலின் என்ற ஒன்றையும் விடுகின்றன; உணவு இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்கவும், போதும் என்ற உணர்வு வரவும் அது உதவுகிறது. கணையத்துக்கு வெளியே, குடலிலிருந்தும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் வந்து "சாப்பாடு வருகிறது, தயாராக இரு" என்று கணையத்துக்குத் தகவல் கொடுக்கின்றன. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவதைவிட அதே அளவை வாய் வழியாகக் கொடுத்தால் அதிக இன்சுலின் சுரப்பது இதனால்தான்.

பார்டரில் உண்மையில் என்ன நடக்கிறது?

வயிற்றைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், தசைகளுக்குள்ளும் கொழுப்பு சேரும்போது இன்சுலினின் சொல் எடுபடாமல் போகிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். ஒரு தடவை சொன்னால் கேட்ட கல்லீரலுக்கு இப்போது மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. கணையமும் சளைக்காமல் மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்கிறது. இந்தக் கட்டத்தில் பரிசோதித்தால் சர்க்கரை 90, 95 என்று அழகாக இருக்கும். உள்ளே பீட்டா செல்கள் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பது ரிப்போர்ட்டில் தெரியாது. பல வருடங்கள் இப்படியே போகலாம்.

பிறகு பீட்டா செல்கள் களைக்கத் தொடங்குகின்றன. முதலில் போவது வேகம். உணவு உள்ளே போன சில நிமிடங்களில் சட்டென்று எழ வேண்டிய முதல் அலை இன்சுலின் மழுங்கிவிடுகிறது. பிந்தி வரும் இரண்டாம் அலை வரத்தான் செய்யும். ஆனால் அதற்குள் சர்க்கரை 170, 180 ஏறிவிட்டிருக்கும். மொத்தத்தில் இன்சுலின் குறைவாகச் சுரக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, நேரம் தவறிச் சுரக்கிறது.

இதே காலத்தில் ஆல்ஃபா செல்களும் ஒழுங்கு தவறுகின்றன. சாப்பிட்டவுடன் குளுக்கோகான் அடங்க வேண்டும். பார்டர் நிலையில் இருக்கும் பலருக்கு அது சரியாக அடங்குவதில்லை. விளைவு என்னவென்றால், தட்டிலிருந்து ஒரு பக்கம் சர்க்கரை வருகிறது, அதே நேரத்தில் கல்லீரலும் தன் பங்கை விட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பணியாற்றிய ரோஜர் அங்கர் என்ற ஆய்வாளர், நீரிழிவை இன்சுலின் குறை என்று மட்டும் பார்க்கக் கூடாது, இன்சுலின் குறைவும் குளுக்கோகான் மிகையும் சேர்ந்த இரட்டைக் கோளாறாகப் பார்க்க வேண்டும் என்று 1975-லேயே வாதிட்டார். அப்போது அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. இன்று பயன்படும் மருந்துகளில் பல இந்தக் கருத்தை ஒட்டியே வேலை செய்கின்றன. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் தவறாமல் இடம்பெறும் மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் விடும் குளுக்கோஸைக் குறைக்கிறது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகை மாத்திரைகள் குடல் ஹார்மோன்களை அதிக நேரம் நிலைக்கச் செய்து, இன்சுலினைத் தூண்டி, குளுக்கோகானை அடக்குகின்றன.

நீரிழிவு என்று உறுதியாகும் நாளில் பீட்டா செல்களின் திறனில் சுமார் பாதி ஏற்கெனவே போயிருக்கும் என்பது பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்றின் மதிப்பீடு. "பார்டர்தானே" என்ற வார்த்தை ஆபத்தானது என்று நாம் சொல்வது இதனால்தான். அந்தப் பாதி ஒரே நாளில் போகவில்லை. பார்டரில் இருந்த வருடங்களில்தான் போனது.

மெலிந்தவர்களும் தப்பவில்லை

"எனக்கு உடம்பே இல்லை, எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம், தசை குறைவு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக் இதைப் பிறந்த குழந்தைகளிலேயே காட்டினார். எடையில் சிறிய இந்தியக் குழந்தைகளிடமும் கொழுப்பின் விகிதம் கூடுதலாக இருந்தது. ஆகவே தராசைவிட இஞ்ச் டேப்பை நம்புவது நல்லது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம்மவர்களுக்கான எல்லை. பேண்ட் சைஸ் அல்ல. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்தது.

கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால் அதைக் கவனியுங்கள். அழுக்கென்று நினைத்துப் பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டும் தாய்மார்கள் இருக்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருப்பதன் வெளி அடையாளம் அது. குண்டான பதின்ம வயதுப் பிள்ளையிடம் இதைக் கண்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சோப்பை மாற்றிப் பயனில்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்ட பெண்களும் இந்த வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். பிரசவம் முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம். அவர்கள் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும், பிறகு விடாமலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எண்களைப் படிப்பது எப்படி?

குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து பார்த்தால் 100-க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை பார்டர். 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் பார்டரை 110-இல்தான் தொடங்குகிறது. அதனால் 104 என்று வந்த ஒரே ரிப்போர்ட்டுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140 முதல் 199 வரை பார்டர். மூன்று மாத சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5-இலிருந்து நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முடிவு கட்ட மாட்டார்கள். இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

எச்பிஏ1சி பற்றி ஒரு எச்சரிக்கை. இது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை நம் பெண்களிடம் சாதாரணம். அவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் குழப்பமில்லை. அதேபோல, சில லேப்களின் பேக்கேஜில் "இன்சுலின் அளவு" என்று ஒன்றைச் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். பார்டரில் இருக்கும் பெரும்பாலோருக்கு அதனால் சிகிச்சை எதுவும் மாறப்போவதில்லை. அந்தக் காசுக்குக் காய்கறி வாங்கலாம்.

30 வயதைக் கடந்த எல்லோரும் வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்.

இந்தியாவில் 20 வயதுக்கு மேற்பட்டோரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். பார்டரில் இருப்பவர்கள் 13 கோடிக்கு மேல். பெரும்பாலோருக்குத் தாங்கள் பார்டரில் இருப்பதே தெரியாது, ஏனென்றால் வலி இல்லை, தாகம் இல்லை, ஒன்றுமே இல்லை.

திரும்ப முடியுமா?

முடியும். இது நம் ஆசைக்காகச் சொல்வதல்ல. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு வாழ்ந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம். நம் பக்கத்து ஆய்வு இன்னும் முக்கியமானது. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் தலைமையில் பார்டரில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள்; முடிவு 2006-இல் வந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மாத்திரை சாப்பிட்ட குழுவிலும் கிட்டத்தட்ட இதே பலன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

இந்த எண்களை நாம் இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். ஒன்று, நடையும் உணவும் ஒரு மாத்திரைக்குச் சமமான மருந்து. மற்றொன்று, சும்மா இருந்தால் மூன்றே வருடத்தில் பாதிக்கு மேற்பட்டோர் எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். அமெரிக்கர்களைவிட நமக்கு வேகம் அதிகம்.

நடை ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? சுருங்கி விரியும் தசை, இன்சுலின் வந்து வாசலைத் திறக்கும் வரை காத்திருப்பதில்லை. தானாகவே திறந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சொல் எடுபடாதவருக்கும் இந்தப் பின்வாசல் திறந்தே இருக்கிறது. சாப்பிட்டு முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே உணவுக்குப் பின் ஏறும் அளவு குறையும். இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு பைக்கில் போகிறவர், சாப்பிட்டுவிட்டு நடந்து போய்ப் பார்க்கலாம். பெண்கள் மொட்டை மாடியில் நடக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் சற்றுப் பளு தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால் தசை கூடும். தசை கூடினால் சர்க்கரையைச் சேமிக்க இடம் கூடும்.

உணவில், எதைத் தின்பது என்பதோடு எந்த வரிசையில் தின்பது என்பதும் முக்கியம். முதலில் காய்கறி, அடுத்து கறியோ மீனோ முட்டையோ பருப்போ, கடைசியில் சோறு என்று சாப்பிட்டால், அதே உணவுக்கு அதே நபருக்கு ஏறும் சர்க்கரை குறைகிறது. குடல் ஹார்மோன்கள் முன்கூட்டியே எழுந்துவிடுவதும், இரைப்பை மெதுவாகக் காலியாவதும் காரணங்கள். சஹனில் சேர்ந்து உட்கார்ந்தால் இது கொஞ்சம் கஷ்டம்தான். கறியும் கத்தரிக்காயும் முதலில் எடுத்து, சோற்றைக் கடைசிக்கு வைப்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். விருந்துக்கு வந்தவருக்கு "இன்னும் கொஞ்சம், ஒரு கரண்டி" என்று வைப்பவர்தான் அதை மறந்துவிடுகிறார்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் கணையத்தின் கண்ணுக்குச் சர்க்கரையே. வட்டிலப்பத்தில் கருப்பட்டிதானே போட்டிருக்கிறோம் என்பது சமாதானம் ஆகாது. தேனுக்கும் கருஞ்சீரகத்துக்கும் மார்க்கத்தில் உள்ள சிறப்பை நாம் அறிவோம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறப்பைச் சொல்லி, "மாத்திரையை நிறுத்துங்கள், இந்தப் பொடி போதும்" என்று வாட்ஸ்அப்பில் விற்பவர்களை நம்பக் கூடாது. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கற்றுத் தந்ததும் அதே மார்க்கம்தான். கருஞ்சீரகம் உணவில் சேரட்டும்; மாத்திரையை நிறுத்துவதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ரமலானில்

நோன்பு வைத்தால் உடலுக்குள் நடப்பது மேலே சொன்ன அதே கதைதான். ஸஹருக்குப் பின் சில மணி நேரத்தில் இன்சுலின் இறங்கும், குளுக்கோகான் ஏறும், கல்லீரல் தன் சேமிப்பை எடுத்துக் கொடுக்கும். மாலையை நெருங்கும்போது கொழுப்பும் எரியத் தொடங்கும். பார்டரில் இருப்பவர்கள், வேறு நோய் இல்லையென்றால், பொதுவாகத் தயங்காமல் நோன்பு வைக்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கும் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து மிகக் குறைவு; வேளையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக்கொள்ள டாக்டர் சொல்வார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்களின் கருத்து. அதனால் பகலில் பார்க்கத் தயங்க வேண்டாம். 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை வெட்கப்பட்டு மறுப்பது தக்வா ஆகாது.

பார்டரில் இருப்பவருக்குச் சிக்கல் பகலில் இல்லை, மஃரிபுக்குப் பின்தான். நோன்புக் கஞ்சியை நாம் குற்றம் சொல்ல மாட்டோம்; பாசிப்பருப்பும் வெந்தயமும் கறியும் சேர்ந்த கஞ்சி ஒரு கோப்பை தாராளமாகக் குடிக்கலாம். குழைந்த அரிசி என்பதால் இரண்டாவது கோப்பைதான் வேண்டாம். ஆனால் கஞ்சியோடு துணைக்கு வரும் வடை, சமோசா, ரோஸ் நிறச் சர்பத், அதற்குப் பின் தராவீஹ் முடிந்து வரும் பரோட்டா, இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு சிறிய பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ 5 கிராம் சர்க்கரை, அதாவது இரத்தம் முழுவதிலும் இருக்கும் அளவு. ஒன்றோ மூன்றோ போதும். தட்டு காலியாக வேண்டியதில்லை. ரமலானில் எடை கூடுகிறவர்கள் நம்மில் குறைவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

ஒரு சந்தேகம், அடிக்கடி வருவது

பார்டரைத் தாண்டி, ஒருநாள் ஊசி தேவைப்படும் என்று டாக்டர் சொல்லும்போது, "இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதாமே" என்று சொல்லித் தள்ளிப்போடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தத் தயக்கத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1921-இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாயின் கணையத்தில் தொடங்கிய வேலை, 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டின் கணையத்திலிருந்து பிரித்த இன்சுலினைச் செலுத்துவதில் போய் முடிந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் மாடு, பன்றி இரண்டின் கணையத்திலிருந்தும்தான் இன்சுலின் தயாரித்தார்கள். 1978-இல் மனித இன்சுலினின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து அதையே சுரக்கச் செய்தார்கள். 1982-இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று டாக்டர்கள் எழுதும் இன்சுலின்கள் அனேகமாக எல்லாமே இப்படிப் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ தயாராகுபவை. சந்தேகம் தீரவில்லையென்றால் மருந்துக் கடையில் பெட்டியைத் திருப்பிப் படிக்கலாம். மனித இன்சுலின் என்றோ, கிளார்ஜின், அஸ்பார்ட் போன்ற பெயரோ அதில் அச்சிட்டிருக்கும். "மரபணு மறுசேர்க்கை முறை" என்று பொருள்படும் சொல்லும் பக்கத்திலேயே இருக்கும்.